சலரோகமும் நம் அடுக்களையும்

“என் கணவருக்குச் சலரோகம் என்று வைத்தியர் சொல்லிப் பத்து நாளாகிறது. அன்று முதல் அவர் சோற்றைத் தொடுவதில்லை. காலையில் பாவற்காய்ச் சாறும் குளிசையும். இரவில் ஒரு துண்டு குரக்கன் ரொட்டி. முற்பகலில் கை நடுங்கி வியர்த்துக் கொட்டுகிறது. சீனி இன்னும் கூடிவிட்டதோ?” என்று ஒரு சகோதரி நமக்கு எழுதியிருக்கிறார்.

குளிசையின் பெயரைச் சகோதரி எழுதவில்லை. எனினும் நாம் ஐயுறுவது சீனி கூடியதையன்று, குறைந்ததையே. கிளிக்கிளசைட் போன்ற குளிசைகளும் இன்சுலின் ஊசியும், ஒருவர் உண்டாலும் உண்ணாவிட்டாலும் இரத்தத்திலுள்ள சீனியை இறக்கும் இயல்புடையன. அவற்றை எடுத்துக்கொண்டு உணவை விலக்கினால் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே சென்றுவிடும். நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் அதன் அறிகுறிகள். கவனியாது விட்டால் நினைவும் தவறும். அவ்வேளையில் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரிற் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிடில் மீண்டும் கொடுக்கலாம். நினைவு தவறியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றலாகாது; வைத்தியசாலைக்கு விரைக. மெற்போமின் மாத்திரம் உட்கொள்வோருக்கு இந்நிலை நேர்வது அரிது. எதுவாயினும், பட்டினியையும் பாவற்காய்ச் சாற்றையும் வைத்தியரிடம் ஒளியாமற் கூறி, குளிசையின் அளவைக் கேட்டறிவது இவ்வாரமே செய்யவேண்டிய காரியம்.

இனி உணவைப் பார்ப்போம். நம்மவர் குரக்கனை மருந்தென்றே எண்ணிவிட்டனர். அதில் நார்ச்சத்து மிகுதி என்பது மெய்தான். ஆயினும் அதன் மாவில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 70 கிராம் மாச்சத்தே. சோற்றை விட்டுவிட்டேன் என்று சொல்லி ஒரு நீத்துப்பெட்டி குரக்கன் பிட்டை வாழைப்பழத்தோடு பிசைந்து உண்பவருக்கு என்ன லாபம்? வெறுந்தேநீரைப் பனங்கட்டி கடித்துக் குடித்தால் தீங்கில்லை என்பாரும் உளர். பனங்கட்டியிலும் பெரும்பகுதி சீனியே.

சோற்றை முற்றாக விலக்கவேண்டியதில்லை. கோப்பையின் பாதியைக் கீரையும் காய்கறியும் நிரப்பட்டும். கால்வாசிக்கு மீனோ பருப்போ முட்டையோ. எஞ்சிய கால்வாசியே சோற்றுக்கு. தவிடு நீக்காத புழுங்கலரிசியாயின் மிக நன்று. உருளைக்கிழங்குக் கறியும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் காய்கறிக் கணக்கில் வாரா. அவை சோற்றின் பங்கையே குறைக்கவேண்டியவை. பாணுக்கு உருளைக்கிழங்குக் கறி என்பது மாவுக்கு மாவைத் தொட்டு உண்பதன்றோ!

தேநீர்க் கணக்கு பெரும்பாலோர் பார்ப்பதில்லை. நாளொன்றுக்கு நான்கு கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால், எட்டுத் தேக்கரண்டி சீனி உணவுக்கு வெளியே உள்ளே போகிறது. போத்தற் பானங்களுக்கு நம் நாட்டில் 2016 முதல் நிறக் குறியீடு உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனியிருந்தால் சிவப்பு. கடையிற் பிள்ளைகளை அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

நோய் கண்ட ஆரம்ப ஆண்டுகளுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பிரித்தானியாவில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் கண்டு ஆறாண்டுக்கு உட்பட்ட பருமனான உடலினர், மேற்பார்வையின் கீழ் உணவை மிகக் குறைத்து எடையிறக்கினர். ஓராண்டின் முடிவில் அவர்களுள் நூற்றுக்கு 46 பேருக்குக் குளிசையின்றியே சீனி நோயெல்லைக்குக் கீழே நின்றது. அங்கே குளிசையை நிறுத்தியவர்கள் வைத்தியர்கள். நோயாளர் தாமாக நிறுத்தவில்லை. மெலிந்த உடலினர் இதைப் பின்பற்றப் புகுதல் ஆகாது.

வீட்டில் அவருக்கென்று தனிப்பானை வைக்கும் வழக்கத்தை நாம் விரும்புவதில்லை. பத்தியக்காரர் என்று ஒருவரை மூலையில் இருத்தினால், அவர் ஒளித்து உண்ணப் பழகுவார். மேலே சொன்ன உணவு பிள்ளைகளுக்கும் ஏற்றதே. எல்லோரும் அதையே உண்க. இரவுணவின் பின் கணவனும் மனைவியுமாக இருபது நிமிடம் ஒழுங்கையில் நடந்து வரலாம்.

மூன்று மாதங் கழித்து வைத்தியர் எச்பிஏ1சி என்னும் இரத்தப் பரிசோதனை செய்விப்பார். செங்குருதிக் கலங்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்வன. அவற்றில் ஒட்டிய சீனியை அது அளக்கிறது. கிளினிக்குக்கு முந்திய ஒரு வாரம் மட்டும் பத்தியம் இருப்பவரை அது காட்டிக்கொடுத்துவிடும்.