கையை உடைச்சிடுவேன்!

ஆறு வாரத்துக்கு மேல ஆச்சு இந்தப் பக்கம் தலை காட்டி. "என்ன ஆச்சு, கடையை மூடிட்டீங்களா?"ன்னு ரெண்டு பேர் தனிமடல்ல கேட்டிருந்தாங்க (ஆமாங்க, மொத்தமே ரெண்டு பேர்தான் :-) ). மூடல மக்களே. வீட்டுல சின்னவளுக்குக் கை உடைஞ்சு போச்சு. இப்போ நல்லா இருக்கா. கட்டுப் பிரிச்சு பத்து நாள் ஆச்சு. அதனால பதறாம படிக்கலாம்.

கை உடைஞ்ச கதையை மட்டும் சொல்லிட்டுப் போக இந்தப் பதிவை எழுதல. அந்த ராத்திரி ஆஸ்பத்திரியில வாங்கின ஒரு அடி பத்திச் சொல்லணும். அடி எனக்கு, கையில இல்ல.

சின்னவளுக்கு ஏழு வயசு. எங்க அபார்ட்மெண்ட்ல மாடிப்படிக் கைப்பிடிச் சுவர் மேல கிரானைட் பதிச்சிருக்காங்க. வழுவழுன்னு இருக்கும். பிள்ளைங்களுக்கு அதுதான் சறுக்குமரம். எத்தனையோ தடவை சொல்லியாச்சு, கேட்டாத்தானே! அதுக்கு முந்தின வாரம் கூட நானே கையும் களவுமா பிடிச்சு, "இன்னொரு தடவை இதுல ஏறினே, கையை உடைச்சிடுவேன்"னு கத்தினேன். நம்ம வீடுகள்ல யாரு சொல்லாத வசனம் இது? எங்க அப்பா சொல்லியிருக்காரு, அவரோட அப்பாவும் சொல்லியிருப்பாரு. சொல்றவனுக்கும் அர்த்தம் கிடையாது, கேக்கறவனுக்கும் கிடையாதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

அன்னிக்கு புதன்கிழமை. நான் வீட்டுலேருந்துதான் வேலை பார்த்துக்கிட்டிருந்தேன். தங்கமணி ஆபீஸ்ல. ஊர்லேருந்து அம்மா வந்திருந்தாங்க. நாலே முக்கால் இருக்கும், சின்னவ என் ரூம் வாசல்ல வந்து நின்னா. நான் காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு யார்கிட்டயோ வள்ளுவள்ளுன்னு விழுந்துக்கிட்டிருந்தேன். திரும்பிக் கூடப் பாக்காம கையை மட்டும் ஆட்டி, "அப்புறம் அப்புறம்"னு சைகை காட்டினேன். போயிட்டா.

ஏழு மணிக்கு தங்கமணி வந்து வழக்கம் போலக் கட்டிப் பிடிச்சப்போ, சின்னவ போட்ட அலறல்ல எதிர் வீட்டுக் கதவு தொறந்துடுச்சு. இடது கை, மணிக்கட்டுக்கு மேல வீங்கி, லேசா வளைஞ்சு இருந்தது. ரெண்டே கால் மணி நேரமா அந்தக் கையை சோபா குஷனுக்கு அடியில வெச்சுக்கிட்டு கார்ட்டூன் பாத்துக்கிட்டிருந்திருக்கா. ஆறரை மணிக்கு அம்மா குடுத்த பாலும் ரஸ்க்கும் கூட ஒத்தைக் கையாலேயே சாப்பிட்டு முடிச்சிருக்கா. ஒரு பொட்டுச் சத்தம் இல்ல.

அப்புறம் வீடு கச்சேரிதான். அம்மா நல்லெண்ணெய்க் கிண்ணத்தோட வர்றாங்க. எதிர் வீட்டு மாமா "சுளுக்கா இருக்கும், நான் உருவி விடறேன்"னு சட்டைக் கையை மடிக்கிறார். தங்கமணி ஒரே சத்தம், "யாரும் தொடாதீங்க!" அந்த நேரத்துல அவளுக்கு மட்டும்தான் மூளை வேலை செஞ்சது. பழைய விகடன் ரெண்டை மடிச்சு கைக்குக் கீழ அணை குடுத்து, துப்பட்டாவால கழுத்தோட தூளி மாதிரிக் கட்டினா. ஆட்டோ பிடிச்சோம். எக்ஸ்ரே எடுத்தாச்சு.

எலும்பு டாக்டர் வந்தார். "எப்படிம்மா விழுந்தே?"ன்னார். நாங்க மூணு பேரும் ஒரே நேரத்துல பதில் சொல்ல ஆரம்பிச்சோம். அவர் கையைக் காட்டி நிறுத்தி, "குழந்தை சொல்லட்டும்"னார்.

சின்னவ முதல்ல என் முகத்தைப் பாத்தா. அப்புறம் சொன்னா, "மாடிப்படியில சறுக்கினேன். விழுந்துட்டேன்."

"ஏம்மா உடனே சொல்லல?"

"அப்பா கையை உடைச்சிடுவேன்னு சொல்லியிருந்தாங்க."

அவ்வ்வ்வ்... டாக்டர் என்னை மேலேருந்து கீழ ஒரு பார்வை பாத்தார் பாருங்க. அதுக்கப்புறம் நடந்ததை விளக்கிச் சொல்லி நான் குற்றவாளி இல்லன்னு நிரூபிக்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. அவர் நம்பிட்டார். நான்தான் இன்னும் முழுசா நம்பல.

முறிவு பெருசா ஒண்ணும் இல்ல. பல் விளக்கப் பச்சை வேப்பங்குச்சியை ஒடிச்சுப் பாருங்க. காஞ்ச குச்சி மாதிரிப் படக்குன்னு ரெண்டா போகாது. ஒரு பக்கம் பிளந்து, மறு பக்கம் வளைஞ்சு நார் நாரா ஒட்டிக்கிட்டிருக்கும். பிள்ளைங்க எலும்பு சில சமயம் அப்படித்தான் உடையுமாம். பேரே 'பச்சைக்குச்சி முறிவு'ங்கற மாதிரிதான் வெச்சிருக்காங்க. வளைஞ்சதை நேராக்கி மாவுக்கட்டுப் போடணும், அதுக்கு மயக்க மருந்து குடுக்கணும்.

"கடைசியா எப்போ சாப்பிட்டா?" "ஆறரைக்குப் பாலும் ரஸ்க்கும்." "அப்போ ஆறு மணி நேரம் காத்திருக்கணும். பன்னிரண்டரைக்குப் பாக்கலாம்."

வயித்துல ஆகாரம் இருக்கும்போது மயக்க மருந்து குடுத்தா வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போற ஆபத்து இருக்கு. விழுந்த உடனே எங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அந்தப் பாலைக் குடுத்திருக்க மாட்டோம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவ எதுவும் சாப்பிட்டிருக்கல. எட்டு மணிக்கே எல்லாம் முடிஞ்சிருக்கலாம். அவ பேசாம இருந்த ரெண்டே கால் மணி நேரத்துக்கு நாலரை மணி நேர வட்டி.

அந்தக் காத்திருப்புல எனக்கு வந்த போன் பதினொண்ணு. அதுல ஒம்போது பேரு கேட்ட முதல் கேள்வி, "யாரு பாத்துக்கிட்டிருந்தா?" வலிக்குதான்னு கேட்டது ரெண்டே பேர். ஒவ்வொரு போனுக்கும் நான் அம்மாவைப் பாக்க, அம்மா முந்தானையால கண்ணைத் துடைக்க, தங்கமணி ரெண்டு பேரையும் பாக்க... "வீட்டுல ரெண்டு பேரு இருந்தும்..."னு அவ ஆரம்பிக்க, "நீ சீக்கிரம் வந்திருந்தா..."ன்னு நான் முடிக்க. நடுவுல சின்னவ கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருந்தா. தூங்குறான்னு நெனச்சோம். கொஞ்ச நேரத்துல கண்ணைத் தொறக்காமலே, "ஆச்சியைத் திட்டாதீங்க, நான்தான் ஏறினேன்"னா.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். பிள்ளைக்கு அடிபட்டா நமக்கு முதல்ல வர்றது பயம். அதை வெச்சுக்கிட்டு என்ன செய்யறதுன்னு தெரியாம கோபமா மாத்திடறோம். கோபத்துக்கு ஒரு ஆள் வேணும். பாட்டி, வீட்டுக்காரி, வீட்டுக்காரன், கிரானைட் பதிச்ச பில்டர், கடைசியில அந்தப் பிள்ளையே. ஆளு கிடைச்சதும் மனசுக்கு ஏதோ வேலை செஞ்ச மாதிரி ஒரு திருப்தி. ஆனா அதையெல்லாம் ஒரு ஜோடிக் காது கேட்டுக்கிட்டிருக்கு. நமக்கு ஒண்ணு ஆனா வீட்டுல சண்டை வரும், ஆச்சி அழும், அதனால சொல்லாம இருக்கறதே நல்லதுன்னு கணக்குப் போட்டு வெச்சுக்குது.

எனக்கு இது தெரியாத கணக்கு இல்லைங்கறதுதான் கொடுமை. 1986, நாலாங்கிளாஸ். தாமிரபரணிக் கரையில எங்க ஊரு. கொய்யா மரத்துலேருந்து விழுந்து முழங்கையில அடி. அப்பாவுக்குப் பயந்து ரெண்டு நாள் சொல்லல. குளிப்பாட்டும்போது அம்மா பாத்துட்டாங்க. அப்பா முதல்ல ஒரு அறை விட்டார், அப்புறம் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு வைத்தியர் வீட்டுக்கு ஓடினார். முட்டைப்பத்து, உளுந்தமாவு, மூங்கில் தப்பை வெச்சுக் கட்டு. எலும்பு கூடிடுச்சு, கோணலா கூடிடுச்சு. இன்னிக்கும் வலது கையை நீட்டினா முழங்கைக்குக் கீழ உடம்புப் பக்கமா வளைஞ்சு நிக்கும். வைத்தியரைக் குறை சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் கழிச்சுக் கொண்டு போனா அவரும்தான் என்ன செய்வார்? அப்பா அதைப் பத்தி அப்புறம் பேசினதே இல்ல. ஆனா நான் வாளி தூக்கும்போதெல்லாம் அந்தக் கையையே பாத்துக்கிட்டிருப்பார். இப்படி ஒரு கையை வெச்சுக்கிட்டு, அதே வசனத்தை என் பிள்ளைகிட்ட நானும் சொல்லியிருக்கேன் பாருங்க!

"பயம் இருந்தாத்தான்பா பிள்ளைங்க அடங்கும்"னு நண்பர் ஒருத்தர் சொன்னார். நானும் யோசிச்சுப் பாத்தேன். என் மிரட்டல் அவளை ஏறாம தடுத்துச்சா? இல்ல. எங்க அப்பாவோட மிரட்டல் என்னைக் கொய்யா மரத்துல ஏறாம தடுத்துச்சா? அதுவும் இல்ல. ரெண்டு தடவையும் தடுத்தது ஒண்ணே ஒண்ணைத்தான். விழுந்த பிறகு வந்து சொல்றதை. ஏறாதேன்னு கண்டிப்பா சொல்லணும், அதுல மாற்றம் இல்ல. ஆனா "விழுந்தா முதல்ல என்கிட்ட ஓடி வா, அன்னிக்குத் திட்ட மாட்டேன்"ங்கறதையும் சேர்த்துச் சொல்லணும். சொன்னபடி நடந்துக்கவும் செய்யணும், அதுதான் கஷ்டம்.

அனுபவத்துல கத்துக்கிட்டதும் டாக்டர் சொன்னதுமா சிலது. யாருக்காவது உதவும்.

1. வீங்கியிருந்தா, வளைஞ்சிருந்தா உருவாதீங்க, இழுக்காதீங்க. எந்த நிலையில இருக்கோ அப்படியே அட்டையோ பத்திரிகையோ வெச்சு அணை கட்டிக் கூட்டிட்டுப் போங்க. பிள்ளைங்களுக்கு எலும்பு நுனியில வளர்ற பகுதி இருக்கு. அங்கே அடின்னா எக்ஸ்ரே பாக்காம விடவே கூடாது.

2. டாக்டர் பாக்கற வரைக்கும் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் குடுக்காதீங்க. பாவமாத்தான் இருக்கும். எங்க கதையை நெனச்சுக்கோங்க.

3. கட்டுப் போட்ட முதல் ரெண்டு மூணு நாள் கையைத் தலகாணி மேல உயரமா வைக்கணும். விரலைப் பாக்கணும். நகத்தை அழுத்தினா வெளுத்து, விட்டதும் சிவக்கணும். விரல் நீலமானாலோ, மரத்துப் போச்சுன்னு சொன்னாலோ, விரலை நீட்டி விடும்போது உயிர் போற மாதிரி வலிச்சாலோ, மருந்துக்கு அடங்காம வலி ஏறிக்கிட்டே போனாலோ விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. கட்டு இறுகி ரத்த ஓட்டம் நின்னா விரல்கள் மடங்கின படியே நிலைச்சுப் போயிடும். ஃபோக்மான்ங்கற ஜெர்மன் டாக்டர் 1881-லேயே இதை எழுதி வெச்சிட்டாராம் (உபயம்: ஆஸ்பத்திரி பெஞ்சுல கூகிளாண்டவர்). மாவுக்கட்டோ புத்தூர்க் கட்டோ, இறுகினா எல்லாம் ஒண்ணுதான்.

4. அரிப்பு எடுக்கும். ஸ்கேல், பின்னல் ஊசி உள்ள விடக் கூடாது. எங்க வீட்டுல ஸ்கேல் எல்லாத்தையும் பீரோ மேல ஒளிச்சு வெச்சோம்.

5. பிரண்டைத் துவையல், ஆட்டுக்கால் சூப்பு எல்லாம் அம்மா பண்ணினாங்க. டாக்டர் சிரிச்சுட்டு "குடுங்க, சாப்பாடுதானே"ன்னார். அதைச் செய்யறதுல அம்மாவுக்கு மனசு ஆறினது நல்லாத் தெரிஞ்சது. சின்னவளோட எலும்பை விட அது சீக்கிரம் கூடணும்னுதான் நானும் ரெண்டு கிண்ணம் குடிச்சேன்.

அஞ்சு வாரத்துல கட்டைப் பிரிச்சாங்க. உள்ள கை மெலிஞ்சு, தோல் உரிஞ்சு, பூனை முடி முளைச்சு இருந்தது. பயந்துட்டோம். எல்லாருக்கும் அப்படித்தானாம், சரியாயிடுமாம். லேசா மிச்சம் இருக்கற வளைவும் வளர வளரத் தானா நேராயிடும்னார். இந்த வயசுல எலும்புக்கு அந்த வசதி இருக்கு. ஆனா அதே இடம் மறுபடி உடைய வாய்ப்பு இருக்குங்கறதால இன்னும் சில வாரம் குதிக்கக் கூடாது. அதுக்கப்புறம் விளையாட விட்டுடுங்கன்னு அழுத்திச் சொன்னார். நான் பார்க் பக்கமே விடக் கூடாதுன்னு முடிவு பண்ணி வெச்சிருந்தது முகத்துல தெரிஞ்சிருக்கும் போல.

அம்மா போன வாரம் ஊருக்குக் கிளம்பினாங்க. பஸ் ஏறும்போது சின்னவ கையைத் தடவிக்கிட்டே, "ஏட்டி, விழுந்தா ஆச்சிக்கிட்டயாவது சொல்லுட்டி"ன்னாங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

நேத்து ராத்திரி சாம்பார் கிண்ணத்தைத் தட்டி விட்டா. என் லேப்டாப் மேல. பழக்க தோஷம், "உன் கையை..."ன்னு ஆரம்பிச்சுட்டேன். அவ நிதானமா, "ஏற்கனவே உடைஞ்சாச்சுப்பா"ன்னா. தங்கமணி சிரிச்ச சிரிப்பு எதிர் வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

உங்க வீட்டுல என்ன வசனம்? "காலை ஒடிப்பேன்", "தோலை உரிப்பேன்", "கண்ணு முழியைத் தோண்டிடுவேன்"... பின்னூட்டத்துல வந்து சொல்லுங்க. அதைக் கேட்டு நீங்க எதையாவது மறைச்சதுண்டான்னும் சொல்லுங்க.

டிஸ்கி: கைப்பிடிச் சுவர் மேல அங்கங்கே குமிழ் பதிக்கணும்னு அசோசியேஷன்ல சொல்லி, பதிச்சும் ஆச்சு. இனி யாரும் சறுக்க முடியாது. இதை முதல் தடவை கத்தின அன்னிக்கே செஞ்சிருக்கலாம். கத்தறது சுலபமா இருந்தது.