வாலாஜாபேட்டைப் பாட்டு வாத்தியார்

புஷ்ய பகுள பஞ்சமியன்று திருவையாற்றில் காவிரிக் கரையிலே கூடும் கூட்டத்தை நேயர்கள் அறிவார்கள். பெரிய வித்வான்களும் சிறிய வித்வான்களும் வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்தினக் கிருதிகளைச் சேர்ந்து பாடுகிறார்கள். சிலர் கையில் புத்தகம் இருக்கும். சிலர் புத்தகத்தைப் பார்த்துப் பாடுவார்கள். சிலர் பார்க்காதவர்கள் போல் பாவனை செய்துகொண்டு பார்த்துப் பாடுவார்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பாட்டு அந்தப் புத்தகத்துக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்று யாராவது யோசித்ததுண்டா?

தியாகராஜ சுவாமி 1847-இல் சித்தியடைந்தார். அவருக்கு ஒரே பெண். அந்தப் பெண் வயிற்றுப் பேரனோடு சந்ததி முடிந்துவிட்டது. தாத்தாவின் பாட்டைக் காப்பாற்றிக் கொடுக்கப் பிள்ளை இல்லை, பேரன் இல்லை. ஸ்வரப்படுத்தி அச்சடித்த புத்தகங்களோ அந்த நாளில் கிடையாது; சுப்பராம தீக்ஷிதரின் மகத்தான நூல் வெளிவந்ததே 1904-இல்தான். அப்படியிருந்தும் சுமார் எழுநூறு கிருதிகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவை பிழைத்தது சிஷ்யர்களால். அந்தச் சிஷ்யர்களுள் ஒருவர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர்.

1781-இல் பிறந்தவர். நெசவுக்குப் பெயர்போன சௌராஷ்டிர சமூகத்தைச் சேர்ந்தவர். தஞ்சாவூர் ஜில்லா ஐயம்பேட்டையில் வசித்துவந்தார். அங்கிருந்து திருவையாற்றுக்குப் போக வேண்டுமானால் காவிரியைக் கடக்க வேண்டும். அவர் வெகுகாலம் குருவினிடம் போய்ப் பணிவிடை செய்து பாடம் கேட்டார். ஆரம்பத்தில் அவர் மிகுந்த சங்கோசமுள்ள மாணாக்கர் என்றும், பூஜைக்குத் துளசி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார் என்றும் கர்ண பரம்பரையாகச் சொல்வார்கள். அது எவ்வளவு தூரம் உண்மையோ, ஒதுங்கி நின்றவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார் என்பது மட்டும் நிச்சயம்.

பிற்பாடு பாலாற்றங்கரையில் உள்ள வாலாஜாபேட்டையில் அவர் குடியேறினார். அது தறிகள் நிறைந்த வியாபார ஸ்தலம். அங்கேதான் அவர் குடும்பம் நடத்தினார், சொல்லிக் கொடுத்தார், எழுதினார்.

எழுதுவது என்றால் இலேசான காரியம் அல்ல. பாட்டின் வார்த்தைகளை மட்டும் எழுதி வைத்தால் பாதிப் பாட்டுத்தான் மிஞ்சும். ராகம் இன்னது, தாளம் இன்னது, பல்லவி எந்த ஸ்வரத்தில் எடுப்பு, சங்கதி எந்தப் படியில் ஏறி எந்தப் படியில் இறங்குகிறது என்பதெல்லாம் வேண்டும். ஓலையில் எழுத்தாணியால் கீறி, மை தடவித் துடைத்தால்தான் எழுத்துத் தெரியும். ஓலை செல்லரித்தால் மறுபடியும் பிரதி செய்ய வேண்டும். பகலெல்லாம் பிள்ளைகளுக்கு ஸரளி வரிசையும் கீதமும் சொல்லிக் கொடுத்து அலுத்துப்போகிற ஒரு பாட்டு வாத்தியாருக்கு இதெல்லாம் யார் இட்ட கட்டளை? யாரும் இடவில்லை. தம் குருவின் பாட்டு தம்மோடு போய்விடக் கூடாது என்ற கவலைதான் கட்டளை!

அவருடைய குமாரர் கிருஷ்ணசுவாமி பாகவதரும் இந்த வேலையில் சேர்ந்துகொண்டார். தந்தையும் மகனும் கிருதிகளை எழுதி வைத்ததோடு தியாகராஜருடைய சரித்திரத்தையும் எழுதி வைத்தார்கள். நேரில் பார்த்துப் பழகியவர்கள் எழுதியது ஆகையால், அந்த மகானுடைய வாழ்க்கையை ஆராய்கிறவர்கள் இன்றும் முதலில் தேடிப் போவது அந்தக் குறிப்புகளைத்தான். அந்த வீட்டுச் சுவடிகள் பின்னால் மதுரை சௌராஷ்டிர சபையாரிடம் சேர்ந்து பத்திரப்படுத்தப்பட்டன.

வாத்தியாரின் புகழ் மாணாக்கரிடத்தில் என்பார்கள். வாலாஜாபேட்டையில் அவரிடம் பயின்ற சதாசிவ ராவ் பிற்காலத்தில் மைசூர் சமஸ்தான வித்வானாக விளங்கினார். தியாகராஜர் தம் யாத்திரையின்போது வாலாஜாபேட்டைக்கு எழுந்தருளிய சமயத்தில், சதாசிவ ராவ் தோடி ராகத்தில் ஒரு கிருதி இயற்றி வரவேற்றார் என்பது பிரசித்தம். குரு, சிஷ்யர், சிஷ்யரின் சிஷ்யர் ஆகிய மூவரும் ஒரு சிறு பட்டணத்தில் கூடிய காட்சியை மனக்கண்ணால் பாருங்கள்! வீணை சேஷண்ணா அந்தச் சதாசிவ ராவிடம் பாட்டுப் பயின்றவர். பாலாற்றங்கரைத் திண்ணையில் ஊன்றிய விதை மைசூர் அரண்மனையில் காய்த்தது.

பாகவதர் நீண்ட ஆயுள் பெற்றவர். 1856-இல் தென்னாட்டின் முதல் ரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்றது வாலாஜா ரோட்டில்தான். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து. குரு மறைந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. கால்நடையாகவும் பல்லக்கிலும் சங்கீதம் பிரயாணம் செய்த காலத்தில் பிறந்தவர், ரயில் ஊதுகிற காலத்தையும் கண்டு 1874-இல் காலமானார்.

குடும்பஸ்தன் கலையில் உயர முடியாது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெண்டாட்டி, பிள்ளை, அரிசி, பருப்பு என்ற கவலையில் ராகம் கரைந்துவிடுமாம். பாகவதரின் கதை வேறு மாதிரி இருக்கிறது. நிலையான ஒரு வீடும், அப்பா எழுதியதன் அருமை தெரிந்த ஒரு பிள்ளையும் இருந்தபடியால் அல்லவா அந்தச் சுவடிகள் நிலைத்தன? சந்ததியற்றுப் போன குருவின் சொத்தைச் சிஷ்யனுடைய குடும்பம் தன் சொத்தாக எண்ணிக் காப்பாற்றியது. அவர் சம்சாரியாக இருந்தது சங்கீதத்துக்கு லாபமே தவிர நஷ்டம் அல்ல.

இன்னும் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பாட்டு வாத்தியார்கள் இப்படி எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தாவின் கையெழுத்தில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் இருக்கலாம். பழைய காகிதக்காரன் வாசலில் கூப்பிடும்போது, அதை எடைக்குப் போடுவதற்கு முன்னால் தயவுசெய்து ஒரு முறை பிரித்துப் பாருங்கள்.