மூளைப் படமும் அளவுகோலும்



ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியே பெங்களூர் செல்லும் பேருந்தில், ஸ்கேன் படங்கள் அடங்கிய பெரிய உறையை மடியில் வைத்துக்கொண்டு, கவலை தோய்ந்த முகத்துடன் அமர்ந்திருக்கும் குடும்பத்தாரைப் பார்த்திருப்பீர்கள். மூளை, நரம்பு நோய் என்றதும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதி மக்களுக்கு நினைவில் எழுவது பெங்களூரின் நிம்ஹான்ஸ் மருத்துவமனை. "படத்தில் எல்லாம் தெரிந்துவிடும்" என்பது நம் நம்பிக்கை. ஆனால் எல்லாப் படங்களும் ஒரே வகையின அல்ல.

கட்டி, இரத்தக்கசிவு போன்றவற்றைக் காட்டும் வழக்கமான ஸ்கேனைத் தேர்ந்த மருத்துவர் பார்த்தே கூறிவிடுவார். எஃப்.எம்.ஆர்.ஐ. என்பது வேறு. மூளையின் எப்பகுதி எப்போது இயங்குகிறது என்பதை அறிய முயலும் முறை அது. 1990-ல் ஜப்பானிய அறிஞர் செய்ஜி ஒகாவா தம் குழுவினருடன் இதற்கு வழி திறந்தார். இரத்தத்தில் பிராணவாயுவின் அளவு மாறுவதால் எழும் நுண்ணிய காந்த மாறுதலைக் கருவி பதிவு செய்கிறது. படத்தில் காணும் சிவப்பும் மஞ்சளும் மூளையின் நிறமன்று. கணினி கணக்கிட்டுத் தீட்டியவை.

இடறல் அக்கணக்கில்தான். மூளையை 1 இலட்சம் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் சோதிப்பதாகக் கொள்வோம். ஆயிரத்தில் ஒரு தவறே நேரும் என்றாலும், வெறும் தற்செயலால் 100 கட்டங்கள் இயங்குவதாகத் தோன்றும்! 2009-ல் அமெரிக்க ஆய்வாளர் கிரெய்க் பென்னட்டும் அவர்தம் தோழர்களும் செத்த மீன் ஒன்றைக் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களை அதற்குக் காட்டினர். திருத்தப்படாத கணக்கில் மீனின் மூளையும் 'இயங்கியது'! தக்க திருத்தம் செய்ததும் அப்புள்ளிகள் மறைந்தன.

2016-ல் சுவீடனின் ஆண்டர்ஸ் எக்லுண்ட் குழுவினர் வழக்கிலிருந்த மென்பொருள்களைச் சோதித்தனர். 5 சதவீதமாக இருக்கவேண்டிய பிழை, சில முறைகளில் 70 சதவீதம் வரை உயர்ந்திருந்தது. 2020-ல் வெளியான ஆய்வில் 70 குழுக்கள் ஒரே தரவை ஆராய்ந்தன. இரு குழுக்கள்கூட ஒரே வழியில் செல்லவில்லை, முடிவுகளும் பலவாறு வேறுபட்டன.

ஓசூர்த் தொழிற்கூடங்களில் பணிபுரியும் சகோதரர்களுக்கு இது எளிதில் விளங்கும். மைக்ரோமீட்டரின் பூஜ்ஜியத்தைச் சரிபாராமல் அளந்தால், நல்ல பாகம் கழிவாகும். பழுதான பாகம் வண்டியில் ஏறும். ஆகவே முதலில் அளவுகோலை அளக்கிறார்கள். மூளை ஆய்விலும் இன்று நடப்பது அதுவே. தரவையும் கணக்குமுறையையும் பலர் பார்வைக்கு வைப்பது அதற்கு முதற்படி. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலுள்ள சிசுக்களின் மூளைச் சீவல்கள் 5,132-ஐப் படமாக்கி, 2024 டிசம்பரில் 'தரணி' என்ற பெயரில் யாவரும் இலவசமாகக் காண வெளியிட்டது. திறந்து வைத்தால்தானே பிறர் பிழை காண இயலும்?

பாகம் தவறாகக் கழிக்கப்பட்டால் பணத்தோடு போகும். மனிதரைத் தவறாகக் கழித்தால்? "மூளைப் படத்தில் ஏதோ சிவப்பாம்" என்ற ஒரு பேச்சு, ஒரு பெண்ணின் திருமணத்தைத் தடுக்கலாம். ஓர் இளைஞனின் வேலையைப் பறிக்கலாம். ஆகவே, உறையைக் கையில் வாங்கியதும் வண்ணத்தைப் பார்த்துத் தீர்ப்பெழுதாதீர்கள். "இதனால் உறுதியாகத் தெரிவது என்ன? தெரியாதது என்ன?" என மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். நோயாளியின் சொல்லையும் நடையையும் அறிந்த உங்கள் அனுபவத்தையும் அவரிடம் எடுத்துரையுங்கள். அதுவும் நோயறிய உதவும்.