எத்தனை மணித்தியாலக் கல்விக்குப் பணம் கொடுக்கின்றோம்?

இங்கிலாந்தில் 2013 வரை, 16 வயதைத் தாண்டிய மாணவர்களுக்கான அரச நிதி அவர்கள் பயிலும் தகைமைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தே கல்லூரிகளுக்குக் கிடைத்தது. இதனால் பயனற்ற, இலகுவான சான்றிதழ்கள் பெருகின. 2011இல் பேராசிரியர் அலிசன் வுல்ஃப் இதனைச் சுட்டிக்காட்டிய பின்னரே, மாணவரின் வருடாந்தக் கற்றல் மணித்தியாலங்களை வைத்து நிதி கணிக்கும் முறை வந்தது.

எமது நாட்டிலும் அளவுகோல் உண்டு. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். வகுப்பு, செயன்முறை, சுயகற்றல் அனைத்தும் இதில் அடங்கும். டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட், அதாவது 1,500 மணித்தியாலம் வேண்டும்.

வார இறுதியில் நான்கு மணித்தியாலம் வீதம் ஆறு மாதம் நடக்கும் ஒரு வகுப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். சுமார் 100 மணித்தியாலம். வீட்டிலும் அதேயளவு படித்தால்கூட நான்கு கிரெடிட்தான். அதற்கும் 'டிப்ளோமா' என்றே பெயர் சூட்டப்படலாம்.

ஆகவே, ஏழை மாணவர்களுக்கு ஸகாத், புலமைப்பரிசில் நிதி வழங்கும் எமது ஊர் நிர்வாகங்களிடம் நான் கேட்பது இதுதான்: பாடநெறியின் பெயரைப் பார்க்காதீர்கள், கிரெடிட்டைக் கேளுங்கள். மணித்தியாலம் காகிதத்தில் மட்டும் இருந்துவிடக்கூடும் என்பதால், வரவைப் பார்த்தே தவணை தவணையாகப் பணம் கொடுங்கள். அது அமானிதம்.