மழைக்கு முந்தியவர்

எங்கள் காம்பராக் கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்குகிறது. ஒக்டோபர் பிறந்ததும் என் புருஷன்தான் அதை இறக்கி, உதறி, மறுபடி அடுக்குவார். அடையாள அட்டைகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அடகுச் சீட்டு, மாமியின் பிரஷர் மாத்திரை, டோர்ச், பிஸ்கட். எல்லாவற்றுக்கும் அடியில் பொலித்தீன் உறைக்குள் மாமாவின் பிரஜாவுரிமைப் பத்திரம். 1948இல் எங்கள் தோட்டச் சனங்களிடமிருந்து பறிபோன உரிமையை ஒரு தாளாகத் திரும்ப வாங்க மாமா கச்சேரி வாசலில் காத்துக் கிடந்த கதையைக் கேட்டே வளர்ந்தவர் அவர்.

புருஷனைப் பாராட்டிப் பத்திரிகையில் எழுதுவது எங்கள் பெண்களிடம் வழக்கமில்லை. இந்த வாரம் நான் எழுதுகிறேன்.

குடும்பத்தைக் காக்கிற ஆம்பளை என்றால் எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் 1983 ஜூலைதான் நினைவுக்கு வரும். கலவரத்தில் பதுளை நகரம் எரிந்தபோது பெண்டு பிள்ளைகளைத் தேயிலைக்குள் ஒளித்துவிட்டு, கவ்வாத்துக் கத்தியோடு விடிய விடிய நின்ற அப்பன்மார் கதைகளை இன்றும் சொல்கிறார்கள். அவர்கள் எதிரே ஆட்கள் வந்தார்கள். எங்கள் எதிரே இருப்பது மலை. அதோடு சண்டை போட முடியாது. நேரத்தோடு எழுந்து போகத்தான் முடியும். அப்படிப் போகத் தெரிந்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டதைத்தான் நான் பாக்கியம் என்கிறேன்.

2014 ஒக்டோபர் 29. கொஸ்லந்தை மீரியபெத்தையில் காலை எட்டு மணிக்கு முன்பே மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போய்விட்டன. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. அவரும் தோட்டத்துப் பொடியன்களோடு சோற்றுப் பார்சல் எடுத்துக்கொண்டு அங்கே போனார். பார்த்ததை இன்றுவரை என்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. அதன் பிறகுதான் இந்தப் பை வீட்டுக்கு வந்தது.

அந்த மலை ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. பிறகும் ஏன் அங்கேயே இருந்தார்கள் என்று வெளியே இருந்தவர்கள் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு லயம் தெரியாது. நிலம் அரசாங்கத்துடையது, 1992இலிருந்து நிர்வாகம் கம்பனியுடையது. லயத்துக்குப் பின்னால் ஒரு கான் வெட்டவும் துரையிடம் கேட்க வேண்டும். ‘போ’ என்றவர்கள் எங்கே போவதென்று சொல்லவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் இரவு நேரத்தில் மண் லயத்துக்குள் வந்தது.

அவர் எல்ல டவுனில் ஓட்டோ ஓட்டுகிறார். ஒன்பது வளைவுப் பாலம் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களால்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. ஆனாலும் மழை பிடித்துவிட்டால் எந்த ஹயருக்கும் நிற்காமல் மேலே வந்துவிடுவார். வந்ததும் முதலில் பீலியைப் பார்ப்பார், தண்ணீர் கலங்கி வருகிறதா என்று. புதிதாக ஊற்று கிளம்பியிருக்கிறதா, மரம் சாய்ந்திருக்கிறதா என்று லயத்தைச் சுற்றி நடப்பார். பின்சுவர் வெடிப்பின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறார். போத்தல் ஒன்றை வெட்டி மழை அளக்கிறார். ஒரு நாளில் 75 மில்லிமீற்றர் என்றால் விழித்திரு, 100 என்றால் தயாராகு, 150 என்றால் வெளியேறு. எச்சரிக்கை நிறங்கள் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. சிங்களத்தில் வந்த எச்சரிக்கை தமிழாகி லயத்துக்கு வந்து சேரும்வரை அவர் காத்திருப்பதில்லை. 100ஐத் தொட்டால் பிள்ளைகளை எழுப்பச் சொல்வார்.

அப்படி எத்தனையோ இரவு பள்ளிக்கூட மண்டபத்தில் போய்ப் படுத்திருக்கிறோம். விடிந்து பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. லயத்தில் அவருக்குப் பயந்தாங்கொள்ளி என்று பேர். மாமியே முணுமுணுப்பார். “ஒண்ணும் நடக்கலேன்னா நல்லதுதானே புள்ள. வந்து தேத்தண்ணி ஊத்து” என்பதோடு என் புருஷனின் பேச்சு முடிந்துவிடும். நாலு பேர் முன்னால் தைரியசாலியாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை எங்கள் ஆண்களை எவ்வளவு கெடுத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த ஆசையை அவர் எங்களுக்காக விட்டார். கத்தியோடு நிற்பதைவிட இது லேசான காரியம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பதுளை மாவட்டம் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. அந்த மழையில் அவர் ஒவ்வொரு காம்பராவாகக் கதவைத் தட்டினார். பேர் வைத்தவர்களும் எழுந்து வந்தார்கள். தொங்கக் காம்பராப் பாட்டியை முதுகில் சுமந்து இறக்கினார். எங்கள் லயம் தப்பியது. மேலே இருந்த தேயிலை மலையில் பாதி, ரோட்டில் கிடந்தது.

இவ்வளவு சொன்னபின் இதையும் சொல்ல வேண்டும். மழைக்காலம் முழுக்க ஒரு மனுஷன் தூங்காமல் இருப்பதால்தான் ஒரு லயம் பிழைக்கிறது என்றால், அது அவருக்குப் பெருமை, மற்றவர்களுக்கு வெட்கம். நான் அவருக்குச் சொல்லும் நன்றியைக் காட்டி யாரும் தங்கள் கடமையிலிருந்து கழன்றுகொள்ளக் கூடாது. உறுதியான இடத்தில் ஒரு துண்டுக் காணியும் அதற்கு உறுதிப்பத்திரமும் எங்களுக்கு வேண்டும்.

மலையை வந்து பார்க்கச் சொல்லி அவர் முன்பு கொடுத்த கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. இப்போது இன்னொன்று தயார். தமிழில் நான் எழுதினேன், சிங்களத்தில் அவர் எழுதினார். இந்தத் தடவை லயத்தில் எல்லாக் காம்பராக்காரரும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறார்.