உப்புத் தண்ணீரும் ஆர்ஓ மெஷினும்

நம் புதுச்சேரியில் இப்போது வீட்டுக்கு வீடு ஆர்ஓ மெஷின். தண்ணீர் உப்புக் கரிக்கிறது, வேறு என்ன செய்வது என்கிறார்கள். உப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்தான் குறைவு.

நகரத்துக்கு வருவது ஆற்றுத் தண்ணீர் இல்லை, நிலத்தடி நீர். கடலோர ஊர்களில் பூமிக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல நீர் இருந்தால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீர் அறிஞர்களின் கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் கீழே உப்பு 40 அடி ஏறி வரும். மோட்டார் போட்டு இறைப்பவர்கள் நாம்தான். உப்பை அழைப்பவர்களும் நாமே.

இதற்கு மருந்தாக நாம் வாங்கும் மெஷின் என்ன செய்கிறது? வீட்டில் வைக்கும் பல கருவிகளில் 1 லிட்டர் நல்ல நீருக்கு ஏறத்தாழ 3 லிட்டர் கழிவாகச் சாக்கடைக்குப் போகிறது. குமாஸ்தா வேலை பார்த்தவனுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. நாளைக்கு 20 லிட்டர் பிடித்தால் 60 லிட்டர் வீண். மாதத்துக்கு 1,800 லிட்டர். அதை ஈடுகட்ட மீண்டும் மோட்டார், மீண்டும் உப்பு. ஒவ்வொரு வீடும் தன்னைக் காப்பாற்றிக் கொள்ள, ஊர் மொத்தமும் கெடுகிறது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்கள் தலைமுறைக்கு 'ஓ பொத்தாப்ல்' என்ற சொல் தெரியும். குடிக்கத் தகுந்த நீர் என்று பொருள். அது அன்று ஊருக்கே பொதுவான சொத்து. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்து நீரை நகரத்துக்குக் கொண்டு வந்தார்கள். அதன் நினைவாகத்தான் பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் நிற்கிறது. வெள்ளைக்காரன் ஆட்சியைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. தண்ணீரை அன்று பொதுக் காரியமாகப் பார்த்தார்கள், இன்று அதை அவரவர் சமையலறைச் சுவரில் மாட்டிவிட்டோம் என்பதற்காகச் சொல்கிறேன்.

மெஷினே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். முதலில் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஆர்ஓ தேவையில்லை. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் இதைத்தான் சொன்னது. காய்ச்சிக் குடித்தாலே போதும். மெஷின் இருந்தே தீரவேண்டும் என்றால், கழிவுக் குழாயின் கீழ் ஒரு வாளி வையுங்கள். வாசல் தெளிக்க, தரை துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற ஆகும். செடிக்கு மட்டும் வேண்டாம், உப்பு சேர்ந்துவிடும்.

இரண்டாவது, மழைநீர்த் தொட்டி. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் வரும். ஐப்பசி அடைமழைக்கு முன் மாடியைக் கூட்டி, தொட்டியில் தூர் வாரி வைத்தால் அத்தனையும் பூமிக்குள் இறங்கும். உப்பைக் கீழே தள்ளுவதற்கு நமக்குத் தெரிந்த எளிய வழி இதுதான்.

மூன்றாவது, ஏரிகள். ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் நிறைந்தால் பறவைக்கும் பயிருக்கும் மட்டுமா லாபம்? சுற்றுவட்டாரக் கிணறுகளும் ஊறும். வரத்து வாய்க்காலை யாராவது அடைத்தால் மனு எழுதத் தயங்காதீர்கள். ஓய்வூதியக்காரர்களுக்கு நேரம் இருக்கிறது. மனு எழுதும் கையும் நமக்கு நன்றாகவே பழகியிருக்கிறது.