காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள்!

நம் ஊரில், முன்பின் தெரியாதவருக்குத் தமிழன் தயங்காமல் செய்யும் உபகாரங்கள் இரண்டு. ஒன்று, ‘சார், ஸ்டாண்டு!’ இன்னொன்று, ‘சார், பின்னாடி காத்து இல்ல!’

இந்த இரண்டாவது உபகாரத்தை ஜனவரி மாதம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செய்யப் புறப்பட்டால் தொண்டை கட்டிவிடும். அங்கே பனிக்காட்டுக்குள் சைக்கிள் விடுகிற அத்தனை பேரும் வேண்டுமென்றே காற்றை இறக்கிவிட்டுத்தான் ஏறுகிறார்கள்.

வண்டிக்குப் பெயர் ஃபேட் பைக். குண்டு சைக்கிள் என்று வைத்துக்கொள்ளலாம். குண்டாக இருப்பது டயர் மட்டுமே. சுமார் நாலு அங்குல அகலம், சிலதில் ஐந்து. சைக்கிளுக்கு யாரோ குறும்பாக மோட்டார் பைக் டயரை மாட்டிவிட்ட மாதிரி இருக்கும். ரோட்டில் பறக்கிற ரேஸ் சைக்கிள் டயரில் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு வரை காற்று அடிப்பார்கள். இதில் பனியில் ஓட்ட ஐந்து, ஆறு. பனி மெத்தென்று இருந்தால் இன்னும் குறைவு. கட்டை விரலால் அமுக்கினால் டீக்கடை பன் மாதிரி உள்ளே போகிறது.

ஏன் இப்படி? நான் பி.காம்.தான். ஆனாலும் வகுத்தல் வரும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ, அதாவது சுமார் 200 பவுண்டு என்று வையுங்கள். டயரில் 100 பவுண்டு காற்று இருந்தால், அவ்வளவு கனமும் தோராயமாக இரண்டே சதுர அங்குலத்தில் இறங்கும். சக்கரத்துக்கு ஒரு தபால்தலை. பனியில் கத்தி மாதிரி சொருகிக்கொள்ளும். காற்றை 5 பவுண்டுக்கு இறக்கினால் அதே கனம் 40 சதுர அங்குலத்தில் பரவும். சக்கரத்துக்கு ஒரு போஸ்ட் கார்டு! பனி தாங்குகிறது. அவ்வளவுதான் விஷயம். மீதியெல்லாம் விலைப்பட்டியல்.

என் சித்தி பையன் மினியாபொலிஸில் சாஃப்ட்வேரில் இருக்கிறான். ஒரு ஜனவரியில் அவன் வீட்டில் தங்கியிருந்தபோது, ஊருக்குள்ளேயே இருக்கும் தியோடர் வொர்த் பூங்காவுக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனான். காலையில் மைனஸ் 9 டிகிரி. வாடகைக் குண்டு சைக்கிள் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு. வாசலில் நின்று பத்து நிமிஷம் பாடம் எடுத்தான்.

பாடம் ஒன்று: காற்றை வெளியே வந்துதான் சரிபார்க்க வேண்டும். வீட்டுக்குள் கதகதப்பில் 5 பவுண்டு வைத்துவிட்டு மைனஸ் 15-ல் இறங்கினால், காற்று சுருங்கிக் கிட்டத்தட்ட பாதிதான் மிஞ்சும்.

பாடம் இரண்டு: கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். இதமாக இருந்தால் சட்டை ஒன்று அதிகம் என்று அர்த்தம். மிதிக்க மிதிக்க வியர்க்கும். பருத்தி பனியன் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நீங்கள் நின்றதும் ஈரத் துணி போர்த்திவிடும். அந்த ஊரில் குளிரைவிட வியர்வைக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள்.

பாடம் மூன்று: தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஐஸ் மேலேயிருந்து கட்டும். நிமிர்த்தி வைத்தால் முதலில் வாய் அடைத்துக்கொள்ளும்.

ஹாண்டில்பாரின் இரண்டு பக்கமும் தலையணை உறை மாதிரி இரண்டு மாட்டியிருந்தது. கையை உள்ளே விட்டுக்கொண்டு பிரேக் பிடிக்கலாம். பெயர் என்ன தெரியுமோ? போகி! நாம் பழசை எரித்துக் குளிர் காய்கிற அதே மாதத்தில் அவர்கள் இதற்குள் கையை விட்டுக் குளிர் காய்கிறார்கள்.

பாதை ஒன்றரை, இரண்டு அடி அகலம். சும்மா கிடக்கிற பனி இல்லை அது. உருளையோ பலகையோ வைத்து இழுத்து அமுக்கி, ராத்திரி முழுக்க ஆறப் போடுகிறார்கள். பனித் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து காலையில் சிமென்ட் தரை மாதிரி இறுகிவிடுகிறது. அதன்மேல் டயர் ‘நறநற’ என்று அப்பளம் நொறுக்கிக்கொண்டு போகும். வேறு சத்தமே கிடையாது. ஹாண்டிலை வெடுக்கென்று திருப்பக் கூடாது, எழுந்து நின்று மிதிக்கக் கூடாது. உட்கார்ந்தபடி ஒரே சீராக, கிரைண்டர் சுற்றுகிற மாதிரி மிதிக்க வேண்டும்.

ஒரு மணி நேரம் ஆனந்தமாகப் போயிற்று. அப்புறம் வெயில் ஏறி, பனி இளக ஆரம்பித்தது. தம்பி சட்டென்று இறங்கினான். திரும்பிப் போய், நாங்கள் வந்த தடத்தில் ஆள்காட்டி விரலைக் குத்திப் பார்த்தான்.

“ஒரு அங்குலம் தாண்டிருச்சுண்ணா. போதும், வீட்டுக்குப் போலாம்.”

“வாடகை மூணு மணி நேரத்துக்குடா! ரெண்டு மணி நேரம் பாக்கி இருக்கே!”

“தடம் ராத்திரி அப்படியே உறைஞ்சிரும்ணா. நாளைக்குக் காலைல இந்த வழியா வர்றவங்க சக்கரம் அதுல மாட்டிக்கும்.”

டயர் தடம் ஓர் அங்குலத்துக்கு மேல் பதிந்தால் ஓட்டாதே என்பது அங்கே பல பனிப்பாதைகளில் பொது விதி. போலீஸ் கிடையாது, கேமரா கிடையாது. என்றைக்கும் பார்க்கப்போகாத யாரோ ஒருவருக்காக என் தம்பி ஓரமாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். ஊரில் நோ பார்க்கிங் போர்டிலேயே பைக்கைச் சாய்த்து நிறுத்திய பயல் இவன்!

பனியில் சைக்கிள் விடுவது புதுப் பைத்தியமும் இல்லை. 1900-லேயே, தங்கம் தேடிப் போன எட் ஜெஸ்ஸன் என்பவர், உறைந்து கிடந்த யூகான் ஆற்றின் மேல் சைக்கிள் மிதித்து, கனடாவின் டாசனிலிருந்து அலாஸ்காவின் நோம் வரை போயிருக்கிறார். கிட்டத்தட்ட 1,000 மைல், சாதா டயரில். 1987-ல் அலாஸ்காவில் ‘இடிடாபைக்’ என்று 200 மைல் பந்தயம் நடத்தினார்கள். பனியில் புதைந்த சைக்கிள்களைத் தள்ளித் தள்ளிக் கைவலி கண்டவர்கள்தான் ரிம்மை அகலமாக்க ஆரம்பித்தார்கள். இரண்டு ரிம்மைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டிக்கூடப் பார்த்தார்கள். 2005-ல் மினசோட்டாவின் சர்லி கம்பெனி ‘பக்ஸ்லி’ என்ற குண்டு சைக்கிளைக் கடையில் வைத்து விற்றது. அதன் பிறகுதான் சாதாரண ஜனங்கள் கைக்கு வந்தது.

2014-ல் ஜெஃப் ஓட்லி என்பவர் அலாஸ்காவின் குறுக்கே நோம் வரையிலான 1,000 மைல் பந்தயத்தைப் பத்து நாள் சொச்சத்தில் முடித்தார். அந்த வருடம் பனி குறைவு, பாதை கெட்டி. பனி கொட்டுகிற வருடங்களில் அதே வழியில் கெட்டிக்காரர்கள்கூட நாள் கணக்கில் தள்ளிக்கொண்டு போகிறார்கள். யாரும் அவமானமாக நினைப்பதில்லை. மிதித்துப் போகிற இடம், காற்றை இறக்குகிற இடம், இறங்கித் தள்ளுகிற இடம் என்று மூன்றும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

வரும் திங்கட்கிழமை காலை உங்கள் மேனேஜர், “இன்னும் கொஞ்சம் பிரஷர் குடுத்தாத்தான்யா வேலை நகரும்” என்று ஆரம்பிப்பார். 100 பவுண்டு, தபால்தலை, 5 பவுண்டு, போஸ்ட் கார்டு என்று அவருக்கு விளக்கிச் சொல்லலாம். சொல்வதற்கு முன் இன்கிரிமென்ட் வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.